வேபிரிட்ஜ் அறையின் பழைய கம்ப்யூட்டர்

சுற்றறிக்கையை ஹெலன் இரண்டு முறை படித்தாள். முதல் முறை பயத்தில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இரண்டாவது முறை, தப்பிக்க ஏதாவது சந்து இருக்கிறதா என்று தேடிக்கொண்டே படித்தாள். இல்லை.

விஷயம் இவ்வளவுதான். கம்பெனி கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் பத்துக்கு அக்டோபர் பதினான்காம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும். அதற்குள் விண்டோஸ் பதினொன்றுக்கு மாறாத கம்ப்யூட்டர் எதுவும் கம்பெனி நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. அன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து வெங்கடேசன் என்கிற ஐ.டி. அதிகாரி நேரில் வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கி வார்க்கும் தொழிற்சாலை அது. கேட்டைத் தாண்டியதும் வலது கைப்பக்கம் வேபிரிட்ஜ். லாரி வந்து இரும்பு மேடையில் ஏறி நிற்கும். பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் ஹெலனின் கம்ப்யூட்டரில் எடை விழும். அவள் சீட்டு அடித்து, கையெழுத்துப் போட்டு, ஜன்னல் வழியாக நீட்டுவாள். அந்தக் கம்ப்யூட்டர் இரண்டாயிரத்துப் பதினான்கில் வாங்கியது. மேடையிலிருந்து வரும் ஒயரைச் சொருகுவதற்கு ஒன்பது ஊசி வைத்த பழைய மாதிரி இணைப்பு அதன் முதுகில் இருந்தது. இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அது கிடையாது. போன வருஷம் ஒரு புதுக் கம்ப்யூட்டருக்கும் ஒயருக்கும் நடுவில் ஏதோ ஒரு கன்வெர்ட்டரை வைத்துப் பார்த்ததில், காலி லாரி முப்பது டன் காட்டியது. ஆகவே கம்ப்யூட்டரை மாற்றினால் எடை காட்டும் கருவியையும் சேர்த்து மாற்றவேண்டும். அதற்கு அனுமதி ஏப்ரலில்தான் வரும்.

மேனேஜர் ஆதிநாராயணன் இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னார். அதுவரைக்கும் லாரிகள் வெளியே எடை போட்டுக்கொண்டு வரட்டும், அறையைப் பூட்டிவிடலாம், ஹெலன் பேக்கிங்குக்குப் போகட்டும், முன்னே அங்கேதானே இருந்தாள் என்றார்.

இருந்தாள். ஒன்பது வருஷம். நின்றுகொண்டே அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. ஆகவே எல்லோரும் அவள் முட்டிவலியை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளும் அப்படியே விட்டுவிட்டாள். வீட்டில் கணவன் அன்புராஜிடம் கூட முட்டியைத்தான் சொன்னாள். உண்மையான காரணத்தைச் சொன்னால் யாருக்கும் அது ஒரு காரணமாகவே தோன்றாது.

அந்த அறைக்கு ஒரு கதவு இருந்தது. உள்ளேயிருந்து சாத்திக்கொள்ளலாம். ஒரு லாரி போய் அடுத்த லாரி வருவதற்குள் ஐந்து நிமிஷமோ ஏழு நிமிஷமோ கிடைக்கும். அந்த ஏழு நிமிஷத்தில் அவள் எதுவும் செய்யமாட்டாள். போனைப் பார்க்கமாட்டாள், ஜெபம் பண்ணமாட்டாள், எதையும் திட்டம் போடமாட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர், ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர், பேக்கிங்கில் நாற்பது பேர் என்று போன வாழ்க்கையில், தன்னுடைய மூச்சு தனக்கே கேட்கிற இடம் அவளுக்கு முப்பத்தெட்டு வயதில்தான் கிடைத்தது. கிடைத்து மூன்று வருஷம் ஆகிறது. அதைப் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

முதலில் அந்தக் கம்ப்யூட்டரையே கேட்டுப் பார்த்தாள். அதற்கென்று ஒரு சோதனை மென்பொருள் இருந்தது. அரை நிமிஷம் யோசித்துவிட்டு, இந்தக் கணினி விண்டோஸ் பதினொன்றுக்குத் தேவையான தகுதிகளைப் பெற்றிருக்கவில்லை என்று சிவப்புக் குறி போட்டுச் சொல்லிவிட்டது. ப்ராசஸர் பழசு, இருக்கவேண்டிய பாதுகாப்புச் சில்லு ஒன்று அதில் இல்லை. தினம் நாற்பது லாரியை இந்தப் பெட்டி எடை போடுவதைப் பற்றி அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹெலனுக்குக் கோபம் வரவில்லை. சூப்பர்வைசர் வேலைக்கு எழுதிப்போட்டபோது எதிரே உட்கார்ந்திருந்தவரும் இப்படித்தான், டிகிரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஃபைலை மூடினார். இந்தப் பதில் அவளுக்குப் பழக்கமானதுதான்.

ஆனால் வேறு வழி இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியிலேயே யூடியூபில் ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொன்றை ஒரு பென்டிரைவில் ஏற்றும்போதே, அந்தத் தகுதிச் சோதனையை மட்டும் எடுத்துவிடலாமாம். அதற்கு இலவசமாகவே ஒரு கருவி இருக்கிறதாம். பழைய கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும். ஒன்றே ஒன்று, இதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அப்டேட் வரும்வரை வரும், நின்றால் கேட்க முடியாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். ஹெலன் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டி ஓட்டிக் கேட்டாள்.

நான்கு நாளில் அவள் பதினோரு வீடியோ பார்த்தாள். இந்தியில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. சாப்பிடும்போதும் பார்த்தாள். மிக்ஸி ரிப்பேராகி ஒரு மாசமாகுது, அதுக்கு வீடியோ போட்டவன் எவனும் இல்லியா என்று அன்புராஜ் கேட்டான். அவன் பக்கத்துக் கம்பெனியில் வெல்டர். ஆயுதபூஜைக்கு முதல் நாள் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பென்டிரைவைத் தயார் பண்ணிக்கொண்டாள். கடைக்காரர் என்ன படம் அக்கா என்று கேட்டார். ஒரு பழைய படம் என்றாள்.

ஆயுதபூஜையும் மறுநாளும் லீவு. வெள்ளிக்கிழமை லாரி நெரிசல். சனிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்தது. எடைப் பதிவுகளையெல்லாம் ஏற்கெனவே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கடி இருட்டில் இருந்த கம்ப்யூட்டரின் முன்பக்கத்தைத் தடவிப் பென்டிரைவைச் சொருகினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

எடுத்துவிட்டுத் திரும்பச் சொருகினாள். பக்கத்துத் துளையில் சொருகினாள். நிறுத்தித் திரும்பப் போட்டாள். கம்ப்யூட்டர் ஒன்றுமே தெரியாத மாதிரி விழித்தது. மிகப் பழைய சில பெட்டிகள் என்ன செய்தாலும் ஏற்காது என்று தெலுங்கு வீடியோக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. வெளியே லாரி ஹாரன் அடித்தது. பென்டிரைவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுவிட்டு அவள் ஜன்னலைத் திறந்தாள். அன்று மாலை வரை வந்த லாரிகளின் எடையை எல்லாம் ஏதோ கடைசித் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள். தான் இவ்வளவு நாடகக்காரி என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் காணிக்கைப் பை வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஹெலன் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து கமகமவென்று சந்தன வாசனை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். ஹெலன் கையை விட்டுத் துழாவினாள். பென்டிரைவின் இரும்பு மூக்கில் மஞ்சளாக, நன்றாகக் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது. ஓரத்தில் ஒரு சொட்டுக் குங்குமமும் இருந்தது.

சின்னப்பொண்ணு.

சின்னப்பொண்ணு ஆபீஸ் பெருக்கித் துடைக்கிறவள். ஆயுதபூஜைக்கு முன்சாயங்காலம் கம்பெனியில் இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைப்பது அவள் பொறுப்பு. ஃபர்னஸிலிருந்து தண்ணீர் வடிகட்டி வரைக்கும் ஒன்றையும் விடமாட்டாள். போன வருஷம் ஹெலன் ஒரு பேச்சுக்கு வேண்டாம் என்றபோது அவள் சொன்னாள்: "நீ வேதக்காரி, நீ வைக்க மாட்ட. பொட்டி இன்னாக்கா பாவம் பண்ணிச்சி? நான் வச்சிட்டுப் போறேன், நீ பாக்காத மாதிரி இரு."

ஹெலன் பார்க்காத மாதிரிதான் இருந்தாள். யாரும் கவனிக்காத பெட்டி என்ற பரிதாபத்தில் சின்னப்பொண்ணு ஒவ்வொரு வருஷமும் அதற்குக் கூடுதலாகவே அப்பியிருந்தாள். பெட்டியின் முகத்தில் பொட்டு வைக்க வாகான இடம், அந்த இரண்டு சின்னச் சதுரத் துளைகள். மவுசும் கீபோர்டும் பின்பக்கம் சொருகியிருந்ததால் முன்பக்கத் துளைகளை யாரும் தொட்டதே இல்லை.

ஹெலனுக்குச் சிரிப்பு வந்தது. பாதிரியார் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. பக்கத்து அம்மாள் அழுகை என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். அதில் சிரிப்பு இன்னும் அதிகமாகிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் நேரே ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனாள். பட்டுப்புடவையில் வந்தவளைப் பார்த்து கேட்டிலிருந்த செக்யூரிட்டி அருணாச்சலம் ஏதோ விசேஷம் என்று எழுந்து நின்றுவிட்டார். ஒரு வேலை பாக்கி இருக்கிறது அண்ணே என்றாள். மேனேஜருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டே அவர் சாவியைத் தந்தார். கம்ப்யூட்டரை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, பல்குத்தும் குச்சியால் துளைகளைச் சுரண்டினாள். மூன்று வருஷத்துச் சந்தனம், மூன்று நிறத்தில் வந்தது. அவளுக்கு முன்னே இருந்தவர் காலத்துச் சந்தனமும் அடியில் இருந்திருக்கலாம். ஊதினாள். துடைத்தாள். பென்டிரைவைச் சொருகியதும், டிங் என்று ஒரு சத்தம் வந்தது.

இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் அறுபத்தி நான்கு சதவீதத்தில் வந்து நின்று, இருபது நிமிஷம் அசையவில்லை. ஹெலன் கதவைச் சாத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். லாரி வராத ஞாயிற்றுக்கிழமை. ஏழு நிமிஷம் என்கிற கணக்கே இல்லாத தனிமை. அது அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது, புதுச் செருப்பு மாதிரி. தனக்கு உண்மையில் வேண்டியிருந்தது, அடுத்த லாரி வரும் என்று தெரிந்திருக்கிற தனிமைதான் என்று அப்போது தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்பதும் நன்றாகத்தான் இருந்தது.

அறுபத்தைந்து ஆயிற்று. பிறகு மளமளவென்று ஓடியது.

புதுத் திரை வந்தது. எடை போடும் மென்பொருள் இருந்த இடத்தில் இருந்தது, திறந்தது. எடைதான் காட்டவில்லை. ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினாள். அப்புறம் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை என்று மேடையின் மெயின் சுவிட்சையே அணைத்து வைத்திருக்கிறார்கள். போட்டதும் பூஜ்யம் வந்தது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டாள். அருணாச்சலத்தைக் கூப்பிட்டு மேடையில் ஏறி நிற்கச் சொன்னாள். எண்பது என்றாள். அவர் எழுபத்தொன்று என்று சாதித்தார். பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் அண்ணே, தொப்பியைக் கழற்றுங்கள் என்றாள். கழற்றினார். எண்பதுதான். அவருக்கு அந்தக் கம்ப்யூட்டர் மேல் அன்றிலிருந்து நம்பிக்கை போய்விட்டது.

அவர் சொன்னது ஹெலனைக் கொஞ்சம் உறுத்தியது. எழுபத்தொன்று என்றால் எழுபதுதானே காட்டியிருக்கவேண்டும்? திங்கட்கிழமை காலை முதல் லாரி வருவதற்கு முன், முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கல் பத்தை சின்னப்பொண்ணுவோடு சேர்ந்து மேடையில் ஏற்றினாள். இருநூறு. ஒவ்வொரு மூலையாக நகர்த்தினாள். இருநூறு. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள். அருணாச்சலத்தின் எடை பற்றி இனிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தாள். ஆனால் எடைக்கல் சோதனையை மறுநாளும் செய்தாள், அதற்கடுத்த நாளும் செய்தாள். பரிசு இல்லாத மாட்டுப்பொங்கல் போட்டி மாதிரி தினம் கல்லு தூக்க வைக்கிறாய் என்று சின்னப்பொண்ணு புலம்பினாள். சந்தனத்துக்குத் தண்டனை என்று ஹெலன் சொன்னாள். சூளூர்பேட்டையிலிருந்து இரும்பு கொண்டுவரும் டிரைவர் கோபால் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "இன்னாக்கா, டிவி மாத்திட்டியா? பளபளன்னு கீது" என்றான்.

பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை. வெங்கடேசன் வந்தார். ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியோடு, எதையும் சத்தமில்லாமல் செய்கிற மனிதர். காலையிலிருந்து லேப், டைம் ஆபீஸ் என்று சுற்றி நான்கு பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டச் சொல்லிவிட்டு, மத்தியானம் மேனேஜரோடு வேபிரிட்ஜ் அறைக்கு வந்தார். இதுவும் போய்விடும் சார் என்று ஆதிநாராயணன் வாசலிலேயே சொன்னார். திரையைப் பார்த்த வெங்கடேசன், இது பதினொன்றிலேயே இருக்கிறதே என்றார். மேனேஜரின் முகம் மலர்ந்தது. தானே ஏற்றிவைத்த மாதிரி, இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்றார்.

வெங்கடேசன் பட்டியலில் ஒரு டிக் போட்டார். உபயோகிப்பவர் கையெழுத்துப் போடவேண்டும் என்று காகிதத்தை நீட்டினார். ஹெலன் பேனாவை எடுத்தாள்.

காகிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. இந்தக் கணினி தேவையான அனைத்துத் தகுதிகளையும் பெற்றுள்ளது.

பேனா நின்றது. ஒரு நாளைக்கு நாற்பது சீட்டில் கையெழுத்துப் போடுகிறவள் அவள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரே அர்த்தம்தான்: இந்த எண்ணை நான் பார்த்தேன். டிரைவர்கள் எத்தனை விதமாகக் கெஞ்சினாலும் பத்துக் கிலோவை அவள் விட்டதில்லை. நல்லவள் என்பதால் இல்லை. விட்டுவிட்டால் அப்புறம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் இருக்காது என்பதால். இங்கே கையெழுத்துப் போட்டால் அறை தங்கும். போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தால் அந்த ஏழு நிமிஷத்தில் என்ன கேட்கும் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

"சார், தகுதி இல்ல சார்" என்றாள். "ஓடுது. ஆனா தகுதி இல்ல. நான்தான் சோதனைய எடுத்துட்டு ஏத்தினேன்."

ஆதிநாராயணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "டிக்கு போட்டாச்சேம்மா. கையெழுத்தப் போட்டுட்டுப் போயேன்" என்றார்.

வெங்கடேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எப்படி ஏற்றினாள் என்று கேட்டார். அவள் சொன்னாள். பென்டிரைவ், கருவி, எடுத்து வைத்த பிரதி, சந்தனம் எல்லாவற்றையும் சொன்னாள். சந்தனத்துக்கு அவர் ஒரு முறை இருமினார். எடை மாறினால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவள் நோட்டை எடுத்து வைத்தாள். எட்டு வேலைநாள், நான்கு மூலை, முப்பத்திரண்டு இருநூறு. அவர் அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். ஒரே எண்ணை இவ்வளவு நேரம் ஒருவர் படித்து அவள் பார்த்ததில்லை. அப்டேட் நின்றால் என்று அடுத்து கேட்டார். நின்னா சார்கிட்ட அன்னைக்கே சொல்றேன், நீங்க ஒயரப் பிடுங்கிடுங்க என்றாள்.

அவர் பட்டியலில் இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தார். ஹெலனிடமிருந்து காகிதத்தைத் திரும்ப வாங்கினார். அந்த ஒற்றை வரிக்குக் கீழே பேனாவால் எழுதினார்: தகுதி இல்லை. வேலை செய்கிறது. தினமும் சரிபார்க்கப்படுகிறது. ஏப்ரல் வரை என் பொறுப்பில் தனி அனுமதி. எழுதி, தான் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளிடம் நீட்டினார். இந்த முறை அவள் ஒரே இழுப்பில் போட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலையில் கழித்துக்கட்டச் சொன்ன நான்கு பெட்டிகளும் இதே வயதுதான் என்று வெங்கடேசன் மெதுவாக ஆரம்பித்தார். சிவப்புக் குறி வந்ததும் வேறெதுவும் பார்க்காமல் ஃபைலை மூடிவிட்டதாகவும், புதியவை வரும்வரை லேப்பில் ரிப்போர்ட்டைக் கையால் எழுதவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதையும் இதே மாதிரி தனி அனுமதியில் ஓட்டிப் பார்க்கலாம், இந்தம்மா செய்து தருவார்களா என்று மேனேஜரைக் கேட்டார்.

ஆதிநாராயணனுக்கு உற்சாகம் திரும்பி வந்துவிட்டது. தாராளமாக சார், நாளையிலிருந்து ஹெலன் மேலே ஆபீசிலேயே உட்காரட்டும், ஏசி ஹால், இருபது பேர் இருக்கிறார்கள், பேச்சுத்துணைக்கும் ஆச்சு, இந்த அறைக்கு ஷிப்டில் யாரையாவது போட்டுவிடலாம் என்றார். அவர் மனதார ஒரு நல்லது செய்துகொண்டிருந்தார்.

இந்த அறையைக் காப்பாற்றத்தான் பதினோரு வீடியோ பார்த்தோம் என்று ஹெலன் நினைத்துக்கொண்டாள். வெளியே கோபாலின் லாரி மேடை மேல் ஏறி நின்றது. திரையில் எண்கள் ஓடி நின்றன. அவள் பார்த்தாள், சீட்டு அடித்தாள், கையெழுத்துப் போட்டாள், ஜன்னல் வழியாக நீட்டினாள். யோசிக்க அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

"மேல வரல சார்" என்றாள். "பொட்டிங்கள இங்க கொண்டாரச் சொல்லுங்க. லாரிக்கு லாரி நடுவுல பண்ணித் தரேன்."

இந்தச் சின்ன அறையிலா, இடம் ஏது என்று மேனேஜர் கேட்டார். எனக்கு ஒரு நாற்காலி போதும் சார் என்றாள். வெங்கடேசன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கதவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, எனக்கும் வேலை செய்ய இப்படி ஒரு இடம் இருந்தால் தேவலை என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மேனேஜர் பின்னாலேயே போனார்.

சாயங்காலத்துக்குள் நான்கு பெட்டிகளும் தள்ளுவண்டியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் முகத்திலும் இரண்டு மஞ்சள் பொட்டு. சுவரோரம் இரண்டு, மேசைக்கடியில் ஒன்று வைத்தாயிற்று. நான்காவது கதவுக்குக் குறுக்கே நின்றது. ஹெலன் அதைக் காலால் உள்ளே தள்ளி, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தானும் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, கதவைச் சாத்தினாள். அடுத்த லாரிக்கு இன்னும் நேரம் இருந்தது.